காலடிக் கபாலம்

வெள்ளித் தாமரை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஷோபாவின் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

பெங்களூரு காக்ஸ் டவுன் பின்தெரு அங்காளம்மன் சிலை ஆளுயரக் கருங்கல். விரிந்த சடை, தொங்கும் நாக்கு, கோரைப்பல். வலது காலின் கீழே ஒரு கபாலம், வாயைப் பிளந்தபடி கிடக்கும். அந்தக் கபாலத்தின் மேல்தான் கோயில் கமிட்டி இப்போது வெள்ளியில் தாமரை செய்து கவிழ்த்திருந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக் கொள்ளைக்குள் மாட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் கமிட்டித் தலைவர் வெங்கடகிருஷ்ணன்.

"மண்டையோட்டப் பாத்து புது ஃப்ளாட்டு பசங்க அழுவுதும்மா," என்றார். "சாந்தமா இருந்தா நாலு பேரு வருவாங்க."

"அழட்டுமே. சுடுகாட்டுல ஆடுறவளுக்கு எதுக்குங்க தாமரை?"

"சும்னே இரு ஷோபா, பேசாத. வருஷத்துக்கு ஒருவாட்டி சோறு கொண்டாற. அதோட நிறுத்திக்க."

அதோட நிறுத்திக்க. வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் காதில் எரிந்துகொண்டே இருந்தது. குடித்துவிட்டுக் கை ஓங்கிய புருஷனை விட்டு, இரண்டு பிள்ளைகளோடு இந்தத் தெருவுக்கு அவள் திரும்பி வந்தபோது, ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரும் அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அம்மனின் அந்தக் கால் ஒன்றுதான் அப்படிச் சொல்லவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் காலைகளில் அவள் அம்மனின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கபாலத்தின் மேல் அந்தக் கால் அழுந்தி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு பஸ் ஏறுவாள். இப்போது அங்கே பூ பூத்திருக்கிறதாம்.

பூசாரி முனிகிருஷ்ணன் அவளுக்குத் தாய்மாமன். அவரையும் அவள் விடவில்லை.

"கைய கட்டிக்கினு பாத்துக்கினு இருந்தீங்களா மாமா?"

"நான் இன்னா பண்ணட்டும் கண்ணு? கமிட்டி முடிவாம். கம்பி போட்டு முறுக்கிட்டாங்க."

மயானக் கொள்ளையன்று மத்தியானம் தெரு கொள்ளாத கூட்டம். முதல் சோறு ஷோபா வீட்டு உரிமை. மொச்சையும் முருங்கைக்கீரையும் கலந்த சோற்றைப் பானையோடு சும்மாட்டில் தூக்கிவந்து நின்றாள். முதல் பிடி அம்மன் காலடியில் விழுந்த பிறகுதான் ஊர்வலம் சுடுகாட்டுக்குக் கிளம்பும். அதற்கு முன்னால் பூசாரி கதை சொல்ல வேண்டும். பம்பை அடங்கியது.

"பிரம்மனோட அஞ்சாவது தலைய ஈசன் கிள்ளினாரு!" முனிகிருஷ்ணன் குரலெடுத்தார். "அது கபாலமாகி அவரு கையிலயே ஒட்டிக்கிச்சு. போட்ட சோத்தையெல்லாம் அதுவே துன்னுச்சு. ஈசன் பசியோட ஊரூரா அலைஞ்சாரு. தாயி இன்னா பண்ணா? ரெண்டு பிடிய கபாலத்துல போட்டா. மூணாவது பிடியத் தரையில எறைச்சா. ருசி கண்ட கபாலம் கைய விட்டுக் கீழ குதிச்சுது. உடனே மிதிச்சா தாயி! இதோ..."

வழக்கம்போல அவர் கை அம்மனின் காலடியைக் காட்டியது. வெள்ளித் தாமரை பளபளத்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஷோபா சோற்றை இறைக்கவில்லை. நேரே போய்ப் பானையை வெங்கடகிருஷ்ணன் கையில் வைத்தாள். மரியாதை செய்யப் போகிறார்கள் என்று கையை நீட்டி நின்றவர், வாங்கியும் விட்டார்.

"இன்னாம்மா இது?"

"அங்க தாமரதான இருக்குது? கபாலம் இல்ல. மிதிபடலன்னா அது இன்னும் எவன் கையிலயோ ஒட்டிக்கினு இருக்குதுன்னுதான அர்த்தம்? கால்ல இருந்து எடுத்து உட்டது யாரு? நீங்கதான். பிடிங்க. உங்க கையில ஒட்டிக்கினதே துன்னட்டும்."

"ஏய், விளையாடாத! டேய் நரேஷ், இத வாங்குடா."

மகன் நரேஷ் இரண்டடி பின்னால் போனான். பக்கத்தில் இருந்தவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அவர் கையிலிருந்து வாங்கினால் எது சேர்ந்து வரும் என்று இப்போதுதானே கேட்டார்கள்! அவர் குனிந்து கீழே வைக்கப் பார்த்தார்.

"அய்யய்ய, அம்மனுக்குப் போடாத சோத்த அவரே தரையில வெக்கிறாருப்பா!" என்று ஒரு பெண் கத்தினாள். சட்டென்று நிமிர்ந்தார்.

பானை கொதிசூடு. வேட்டித் தலைப்பைச் சுற்றிப் பிடித்தும் தாங்கவில்லை. ஃப்ளாட்டுப் பிள்ளைகள் யாரும் அழவில்லை. வாயைப் பிளந்து கதைதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நெற்றி வியர்த்து மூக்கில் வடிந்தது. துடைக்கக் கை இல்லை.

"எல்லாருக்கும் நல்லதுன்னுதானம்மா பண்ணேன்," என்றார், குரல் இறங்கி.

"எங்களயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அவர் அம்மனை ஒருமுறை பார்த்தார். "கழட்டுங்கய்யா," என்றார்.

முனிகிருஷ்ணன் இடுப்பு மடியிலிருந்து கட்டிங் ப்ளேயரை எடுத்தார். காலையிலேயே செருகி வைத்திருந்தார் போலும். கம்பி அறுந்தது. தாமரை ஒருபக்கம் சாய, வாய் பிளந்த கருங்கல் கபாலம் வெளியே வந்தது. அதன்மேல் அந்தக் கால், வைத்தது வைத்தபடி.

ஷோபா முந்தானையைச் சுற்றிப் பானையை வாங்கிக்கொண்டாள். அள்ளிய முதல் பிடியை வீசி எறிந்தாள். கபாலத்தின் வாய்க்கு நேர் எதிரே, தரையில் விழுந்தது சோறு.