கொலுவில் ஏறிய அடுக்குமாடி

எங்கள் தெருக்கோடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்ற செய்தி வந்த அன்று, வலியசாலையில் மூன்று வீடுகளில் பால் தானாகத் திரிந்தது. நான்காவது வீடு எங்களுடையது. நாங்கள் வாங்குவது பாக்கெட் பால். அதற்கு ரோஷம் கிடையாது.

இடம் என்னவோ அரிசி மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கிதான். சாலைக் கடைத்தெருவின் முதுகும் எங்கள் அக்ரஹாரத்தின் முதுகும் உரசிக்கொள்கிற மூலையில், இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. உள்ளே இருக்கும் எலிகள் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு என்று நான் சொல்வதுண்டு. யாரும் மறுத்ததில்லை, உள்ளே போய்ப் பார்த்ததும் இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி, பதினாறு வீடு. வரைந்தவள் சுப்ரியா, எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பெண். வழுதக்காட்டில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை. அவள் பெயரில் எழும்பப்போகிற முதல் கட்டடம் இது.

தெரு எதிர்த்தது. எதிர்ப்புக்குத் தலைவர் வெங்கடேஸ்வரன், ரிட்டயரான சப் ரிஜிஸ்திரார். கட்டடம் வந்தால் எங்கள் கோயில் கோபுரம் மறையும், காற்று நிற்கும், நிலா வலியசாலையைத் தொடாமல் நேராகக் கரமனைக்குப் போய்விடும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார். நூற்றெட்டு என்பது என் கணக்கு, மூன்று இருக்கும். ஆனால் சுப்ரியாவின் வரைபடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும், எதிர்க்கிறவன் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மனுவில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். தெருவில் இருப்பது நூற்று நாற்பது பேர். மிச்சம் யாருடையது என்று எனக்குத் தெரியாது, இரண்டு என்னுடையது. ஒன்று அவர் கேட்டார் என்பதற்காக, இன்னொன்று பேனா நன்றாக எழுதியது என்பதற்காக.

அந்த இரண்டு கையெழுத்தும் உறுத்த ஆரம்பித்தது, சுப்ரியா எங்கள் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்தபோதுதான். நவராத்திரி ஆறாம் நாள் கார்ப்பரேஷன் ஆபீசில் விசாரணை. பழைய நகரத்துக் கட்டடங்களுக்கென்று ஒரு கமிட்டி இருக்கிறதாம், அது தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்கும்.

"தெரு மொத்தமும் வேண்டாம்னு எழுதிக் குடுத்தா, பில்டர் என் டிராயிங்கைத் தூக்கிப் போட்டுடுவார் மாமி. எர்ணாகுளத்துலேர்ந்து வேற ஒண்ணு ரெடியா வெச்சிருக்கார். முழுக்கக் கண்ணாடி. எனக்கு அப்பறம் இன்னொரு பில்டிங் யார் குடுப்பா?"

நான் அவளுக்குக் காபி கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது, கையெழுத்தையா திருப்பிக் கொடுக்க முடியும்?

விசாரணைக்கு முன்னால் கட்டடத்தின் மாதிரியைச் செய்து, எங்கள் சமூக மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று விதி. வெங்கடேஸ்வரன் அதற்கும் உத்தரவு போட்டுவிட்டார்: மாதிரி வந்தால் ஒருவரும் அதைப் பார்க்கக் கூடாது. அதனால், பார்க்கக் கூடாத அந்தப் பொருள் எப்போது வரும் என்று தெருவே கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது.

அது வந்தது அமாவாசை அன்று மத்தியானம். மண்டபத்தில் சமூகக் கொலு வைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பது படி, படிக்குக் கீழே தரையில் வருஷா வருஷம் ஒரு ஊர் அமைப்போம். போன வருஷத்து ஊரைக் கரையான் தின்றுவிட்டது. பழவங்காடியும் போச்சு, தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனும் போச்சு. சுசீந்திரத்தில் இருக்கும் ஒரு குடும்பம் புது ஊர் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்து தாசையன் உள்ளே வந்தார். சாலைக் கடைத்தெருவில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நாகர்கோவில் பக்கத்துக்காரர். பெட்ஷீட் போர்த்திய ஒரு பெரிய பலகையை அவரும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"சுசீந்திரத்துலேர்ந்துதானே?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி. வெங்கடேஸ்வரனின் மனைவி. கொலுவுக்கு அவள்தான் சர்வாதிகாரி.

தாசையன் கையில் பாரம் இருக்கும்போது எந்தக் கேள்விக்கும் ஆமாம் என்றுதான் சொல்வார். இறக்கி வைத்தால் போதும் அவருக்கு. "ஆமா, ஆமா" என்றார்.

பெட்ஷீட்டை எடுத்தோம். வெள்ளை வெளேரென்று நான்கு மாடி, நடுவில் ஒரு திறந்த வாசல், வரிசையாகப் பால்கனி, எங்கள் தெரு, எங்கள் தெருமுனை. சுசீந்திரத்துக்காரர்கள் நம் தெருவையே செய்துவிட்டார்களே என்று பெண்கள் உருகிப்போனார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கிழக்கேகோட்டையில் நின்றுகொண்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளித் தம்பானூரில் புறப்படுகிற பஸ்ஸின் போர்டைப் படிப்பேன். பலகையின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருந்தது: சுப்ரியாவின் பெயர், அவள் ஆபீஸ் பெயர், கிட்டங்கியின் சர்வே நம்பர்.

முப்பத்தைந்து வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், கனெக்‌ஷன் மட்டும் கொடுப்பதுதான் அங்கே வேலை. எங்கள் வீட்டுத் தேங்காய்க்காரி பொம்மையை எடுத்து அந்த லேபிளின் மேல் உட்கார வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. சுசீந்திரத்து ஊர் கடைசிவரை வராததற்கும் பொறுப்பல்ல. செட்டியாரும் செட்டிச்சியும் தெருவைப் பார்த்த முகப்பில் கடை போட்டார்கள். கிழக்குப் பார்த்த வீடுகளுக்கு அடிதடி. மூன்றாம் மாடி மூலைப் பால்கனியில் மாடு மேய்க்கும் கிருஷ்ணனா, கிரிக்கெட் டீமா என்பதில் இரண்டு மாமிகள் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. மொட்டை மாடியை சீதாலக்ஷ்மி யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு, தன் ராமர் பட்டாபிஷேகத்தை அங்கே நடத்தினாள். வீதி முழுக்கக் கடுகு முளைவிட்டது. மண்டபத்து வழக்கப்படி விளக்குப் பொறுப்பு வெங்கடேஸ்வரனுடையது. அவர் இரண்டு நாள் தரையோடு தரையாக உட்கார்ந்து, பதினாறு வீட்டிலும் குன்றிமணி அளவு பல்பு போட்டார். கட்டடத்துக்குப் பின்னால், நிஜக் கோயில் இருக்கிற அதே இடத்தில் நாங்கள் வைத்த கோயில் பொம்மையின் கோபுரத்துக்கு மஞ்சள் பல்பு.

வேலை முடிந்து நிமிர்ந்தவர் என்னிடம் சொன்னார்: "கட்டினா இப்படிக் கட்டணும் மாமி. நடுவுல வாசல் விட்டு, காத்து எப்படி ஓடறது பாருங்கோ. அந்த சுப்ரியாவைக் கூட்டிண்டு வந்து காட்டணும்."

நான் தேங்காய்க்காரியைப் பார்த்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் சுப்ரியாவே வந்துவிட்டாள். அதுவரை தெருவில் தலைகாட்டப் பயந்துகொண்டிருந்தவள், மறுநாள் விசாரணைக்கு மாதிரியை எடுத்துப்போக தாசையனோடு வந்தாள். மண்டபத்து வாசலில் அப்படியே நின்றாள். ஆறு மாசம் உட்கார்ந்து, ஒரு தூசி படாமல் அவள் செய்த வெள்ளைக் கட்டடத்தில் செட்டியார் பருப்பு விற்றுக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் நாதஸ்வரக் கச்சேரி. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. தாசையனைப் பார்த்து, மெதுவாகத் தூக்குங்கள் என்றாள்.

வெங்கடேஸ்வரன் குறுக்கே வந்து நின்றார். "வெச்ச கொலுவை விஜயதசமி தாண்டற வரைக்கும் அசைக்கப்படாது. எந்த கவர்மென்ட் வந்து சொன்னாலும் சரி."

"மாமா, இது என்னோட மாடல்" என்றாள் சுப்ரியா. "கிட்டங்கி எடத்துல வரப்போற கட்டடம் இதுதான்."

மண்டபத்து மின்விசிறியே ஒரு நிமிஷம் நின்றுவிட்டு யோசித்தது என்று நான் சத்தியம் செய்வேன். எல்லோரும் தாசையனைப் பார்த்தோம். தாசையன் கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோரும் வெங்கடேஸ்வரனைப் பார்த்தோம். அவர் முகத்தில் ஒரு வழி தேடுகிற அவசரம் தெரிந்தது. ஆனால் வழியை அவரே, அரை நிமிஷத்துக்கு முன்னால், எல்லோர் எதிரிலும் அடைத்திருந்தார்.

"ஏன்னா, ராமருக்குப் பட்டாபிஷேகம் பண்ணியாச்சு" என்றாள் சீதாலக்ஷ்மி. "இப்ப எழுந்திருங்கோன்னு நீங்களே அவர்கிட்டச் சொல்லுங்கோ."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பொம்மை வேறு கட்டடம் வேறு, நாளைக்கு நான் பேச வேண்டியதைப் பேசத்தான் போகிறேன் என்று மட்டும் சொன்னார். மனு அவர் கக்கத்தில் இருந்தது.

சுப்ரியா வெளியே போய் கமிட்டியின் அதிகாரிக்குப் போன் செய்தாள். மாதிரி இல்லாமல் போனால் வெறும் காகிதத்தைக் காட்டி ஜெயிக்க முடியாது, தள்ளி வைக்கக் கேட்டால் பில்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார் என்று அவளுக்குக் கவலை. அதிகாரி அஜிதா, கொலுவை எடுக்க வேண்டாம், நாங்களே அங்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டார். வருவது விசாரணைக்கா, சுண்டலுக்கா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

ஆறாம் நாள் மூன்று மணிக்கு அஜிதா இரண்டு ஆபீசர்களோடு வந்தார். கொலு பார்க்க வந்தவர்களுக்கு என்ன மரியாதையோ அதைச் செய்யாமல் விடுவோமா? பாய் போட்டு உட்கார வைத்து, அஜிதாவுக்குக் குங்குமம், பூ, எல்லோருக்கும் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தோம். ஒரு ஆபீசர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டதை நான் குறித்துக்கொண்டேன்.

யாருக்கு என்ன ஆட்சேபம் என்று அஜிதா கேட்டதுதான் தாமதம், மாமிகள் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். நிலாவைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. ஐந்து நாளாக அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் போலப் பேசினார்கள். சுவாமி புறப்பாடு பொம்மையைத் தெருமுனையில் திருப்பினால் முதல் மாடிப் பால்கனியில் குடை இடிக்கிறது என்றாள் ஒருத்தி. குனிந்து திருப்பியும் காட்டினாள், இடித்தது. வீட்டு வாசல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன, கோலம் போட ஒரு சாண் இடம் இல்லை, எதிர்வீட்டுக்காரி மேல்தான் போட வேண்டும் என்றாள் சீதாலக்ஷ்மி. சுப்ரியா மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

கடைசியில் வெங்கடேஸ்வரன் எழுந்தார். தொண்டையைச் செருமி மனுவைப் படித்தார். அழகான ஆங்கிலம், சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசனை அடித்தது. கோபுர தரிசனம் மறையும் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். அஜிதா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொலுவைப் பார்த்தார்.

"இந்த லைட்டெல்லாம் ஆரு செய்தது சாரே? நல்ல ரசமுண்டு." மலையாளத்தில் ரசம் என்றால் அழகு.

"நான்தான்" என்றார் அவர், திருடன் ஒப்புக்கொள்கிற குரலில்.

தெருவில் நடந்து வருகிறவன் கண்ணுக்குக் கோபுரம் எங்கே மறைகிறது என்று காட்டச் சொன்னார் அஜிதா. தெருவில் நடந்து வருகிறவன் என்றால் அந்த ஊரில் ஒரு போலீஸ்காரப் பொம்மைதான். அவன் உயரம் நான்கு விரல்கடை. வெங்கடேஸ்வரன் குனிந்தார், போதவில்லை. மண்டியிட்டார், போதவில்லை. மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எழுபது வயசில், அத்தனை பேர் முன்னால் தரையில் குப்புறப் படுத்து, போலீஸ்காரனோடு கன்னத்தைச் சேர்த்து வைத்து ஒரு கண்ணை மூடினார்.

சுப்ரியா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நடு வாசலை அவள் எதற்கு விட்டாள் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து, காபி டம்ளர் இரண்டைத் தள்ளி வைத்து, இடைவெளியில் சர்க்கரை டப்பாவைக் காட்டி விளக்கியிருக்கிறாள்.

வெங்கடேஸ்வரன் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று சீதாலக்ஷ்மி கிட்டப் போனாள்.

"தெரியறது" என்றார் தரையிலிருந்து.

"என்ன தெரியறது?"

"கோபுரம். வாசல் நடுவுல, முழுசா. என் பல்பு எரியறது."

தூக்கி உட்கார வைத்தோம். நெற்றியில் கடுகு முளை ஒட்டியிருந்தது. கையிலிருந்த மனுவைப் பார்த்தார். அதைக் கிழிப்பார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். காகிதத்தைக் கிழிக்க மனசு வருகிற உத்தியோகமா அவர் பார்த்தது? திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினார். ஒன்று, தெருமுனைப் பால்கனியை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு, வீட்டு வாசல்களைத் தள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கோலம் போட இடம் விட வேண்டும். மூன்று, மின் விளக்குகள் விஷயத்தில் கீழே கையொப்பமிட்டவரைக் கலந்து பேச வேண்டும். இப்படி மாற்றினால் தெருவுக்கு ஆட்சேபம் இல்லை. இதற்கும் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. இந்தத் தடவை என்னுடையது மூன்று.

கமிட்டி ஒப்புக்கொண்டது. சுப்ரியா ஒரே வாரத்தில் மாற்றி வரைகிறேன் என்றாள். கண்ணாடிப் படம் எர்ணாகுளத்துக்கே திரும்பிப் போனது.

விஜயதசமி அன்று வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தோம். இந்த வருஷம் போலீஸ்காரனை. மறுநாள் பொம்மைகளை எடுத்து, துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். தாசையன் ஆட்டோவோடு வாசலில் நின்றார். வெங்கடேஸ்வரன் பல்புகளைக் கழற்றிக்கொண்டே மூலைக்கு வந்து, தேங்காய்க்காரியைத் தூக்கினார். அடியில் லேபிள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார்.

"மாமி, இது யாராத்துப் பொம்மை?"

"எங்காத்துதான்."

"இதை இங்க வெச்சது?"

"நான்தான்."

"அன்னிக்கு இதைப் படிச்சேளோ?"

"எனக்கு ஏது கண்ணு வெங்கடேஸ்வரன்" என்றேன். "ரெண்டுலயும் புரை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தேங்காய்க்காரியின் முகத்தைத் துண்டால் துடைத்து, அவளை என் பெட்டியில் வைக்காமல், சீதாலக்ஷ்மியின் பெட்டியில், ராமருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. கிட்டங்கி இடத்தில் கட்டடம் எழும்பட்டும், போய் வாங்கிக்கொள்கிறேன். வெங்கடேஸ்வரனும் சீதாலக்ஷ்மியும் அங்கே முதல் மாடியில் கிழக்குப் பார்த்த வீட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.