தபனின் கைகள்

என் தகப்பனார் ஜம்புநாதன் அடித்தல் திருத்தல் உள்ள கடிதத்தில் கையெழுத்துப் போட்டதே இல்லை. அலிப்பூர் அலுவலகத்தில் அப்படி ஒன்று அவர் மேஜைக்கு வந்தால், ஓர் எழுத்துக்காக முழுப் பக்கத்தையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும். நான் ஒரு வங்காளச் சிறுவர் இதழுக்குச் சித்திரக்கதை வரையப் போவதாகச் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. "உன் பேரோட என் பேரும் அச்சாகும். அரைகுறையா எதையும் அனுப்பாதே" என்றார்.

பதினான்கு ஆண்டுகள் அரைகுறையாகத்தான் அனுப்பினேன். எனக்குக் கை வரைய வராது. விரல்கள் இஞ்சிக் கிழங்குபோல வந்து நிற்கும். அதனால் என் துப்பறியும் தபன் எப்போதும் இரண்டு கைகளையும் கோட்டுப் பாக்கெட்டில் வைத்திருந்தான். திருடனைத் துரத்தும்போதும் அப்படியே ஓடினான். துப்பாக்கியை நீட்ட வேண்டிய கட்டத்தில் ஒரு தூணைப் போட்டு மறைத்தேன். வாசகர்கள் அதை மிடுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். பூஜைப் பந்தல்களில் பிள்ளைகள் தபனைப் போலவே நடந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் மதுவந்தி எங்கள் நியூ டவுன் ஃப்ளாட்டுக்கு வந்தாள். ஜாதவ்பூரில் சிறிய பதிப்பகம் நடத்துகிறவள். தபன் கதைகளைப் புத்தகமாகப் போட வேண்டும், நான் வரைந்த மூலப் பக்கங்களைத் தர வேண்டும் என்று கேட்டாள். ஜேட்டு, ஜேட்டு என்று பெரியப்பாவை அழைப்பதுபோல அழைத்தாள். என் மகள் நந்திதாவின் எதிரிலேயே சரி என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்குவதில்லை. நான்கு வாரம் மட்டும் அவகாசம் கேட்டேன்.

அவள் போனதும் அந்தப் பக்கங்களைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பாக்கெட்டுகள். நாற்பது வருஷமாக நான் ஒளித்து வைத்தது அத்தனையும் அங்கே இருந்தது. இதையா மறுபடியும் அப்பாவின் பெயர் போட்டு விற்பது?

எங்கள் தொழிலில் பிழையின்மேல் வெள்ளைச் சாயம் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் வரைவோம். அச்சில் தெரியாது. அன்று உட்கார்ந்து பதினோரு பக்கங்களில் பாக்கெட்டுகளையெல்லாம் பூசி மறைத்தேன். முழங்கைக்குக் கீழே தபன் வெள்ளையாகிப் போனான். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை என் இடது கையை மேஜையில் வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன். இஞ்சிக் கிழங்குதான் வந்தது. அதன்மேல் பூசி மறுபடி வரைந்தேன். சாயம் தடித்து மசி பரவியது. பிளேடால் சுரண்டியபோது அடியில் இருந்த பழைய கோடும் காகிதத்தோடு பெயர்ந்தது.

நந்திதா பக்கங்களைப் பார்த்துவிட்டு, "வேற பேப்பர்ல ஒருதடவை ட்ரை பண்ணிப் பாத்திருக்கலாமே, அப்பா" என்றாள்.

"இத்தனை வயசுக்குக் கை வரைய வந்திருக்கும்னு நினைச்சேன்."



நான்காம் வாரம் மதுவந்தி வந்தாள். பதினோரு பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, பழைய இதழ்களிலிருந்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம், கொஞ்சம் மங்கலாக வரும், பரவாயில்லை என்றாள். எனக்குக் கை வரைய வராது என்று முன்பக்கத்தில் ஒரு வரி போடச் சொன்னேன். என் வாழ்நாளில் அதை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அப்போதுதான்.

அவள் சிரித்துவிட்டாள். "அந்தப் பாக்கெட்டுக்காகத்தான், ஜேட்டு, ஜனங்க வாங்கவே போறாங்க. அதைப் போய் யாராவது கெடுப்பாங்களா?"

பிறகு சம்மதக் கடிதத்தை எடுத்தாள். 'மூலப் பக்கங்களிலிருந்து' என்று அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே 'பழைய இதழ்களிலிருந்து' என்று எழுதி என் பக்கம் நகர்த்தினாள். வேறு பிரதி எடுத்து வரச் சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு கேட்பது?

ஜம்புநாதன் வெங்கடநாராயணன் என்று முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.