ஒற்றைப் பிள்ளைகள் இருவர்

1

இது மீன்களைப் பற்றிய கட்டுரையாகத்தான் கிளம்பியது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணறு. அதில் யாரோ விட்ட சில ஜிலேபி மீன்கள் கணக்கில்லாமல் பெருகி, விரல் நீளத்துக்கு மேல் வளராமல் நின்றுவிட்டன. இரையும் இடமும் அவ்வளவுதான். எந்த உயிரும் ஓர் எல்லை வரைதான் பெருகும் என்று எழுத உட்கார்ந்தேன். கிணற்றுக்காரர் கெடுத்துவிட்டார்.

2

முதல் தொடக்கம்: 'நாற்பதைத் தொட்ட ஜெகதீஸ்வரன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மீன்களோடு பேசி...'

(வேண்டாம். நானும் தனி ஆள்தான். அஸ்தம்பட்டி வீட்டில் பல்லியோடுகூடப் பேசுவதில்லை.)

நேராகவே சொல்கிறேன். கிணற்றுக்காரர் ஜெகதீஸ்வரனுக்கு நாற்பதாகியும் பெண் அமையவில்லை. அப்பா இல்லை. அம்மா வசந்தாமணியிடம், ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"காடு துண்டாப் போயிருமுன்னுதானுங்க. அப்பெல்லாம் ஊரே அப்படித்தான் நெனச்சுது. ஒண்ணு, அதும் பையனாப் பொறந்துட்டாப் போதும்னு."

அவர் காடு என்ற விளைநிலம் துண்டாகவில்லை. பெண்கள்தான் இல்லாமல் போனார்கள். மீன்களுக்கு இரை எல்லை போட்டது. இவர்கள் வரப்பைப் பார்த்துத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

3

பிரவீனாவைத் தயக்கத்தோடுதான் கதைக்குள் விட்டேன். (தேவைப்படும் இடத்தில் ஒரு பெண்ணை வரவழைப்பது கதை எழுதும் எங்களுக்குக் கைவந்த வேலை.) ராசிபுரத்தில் ஆசிரியை. அப்பா சுப்பையனோடு மாப்பிள்ளை வீட்டுத் தோட்டம் பார்க்க வந்தவள், ஜெகதீஸ்வரனோடு கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மீனெல்லாம் இத்தினியூண்டா இருக்குது?"

"எரை பத்தலீங்க."

"பாதியப் புடிச்சுட்டா மிச்சம் வளருமுங்களா?"

"வளருமுங்க. எதப் புடிக்கறது, எத உடறதுன்னுதான் தெரியலீங்க."

அவள் சிரித்தாள். அவனுக்கு அப்போதே பிடித்துவிட்டது. பிறகு அவள் சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதானுங்க. அம்மா இல்ல. பொண்ணக் குடுத்த ஊட்டுல வந்து குடியிருக்க மாட்டேங்கறாரு. அவரத் தனியா உட்டுப்போட்டு என்னால வர முடியாதுங்க. நீங்க எங்க ஊட்டோட வந்து இருக்கறீங்களா?"

ஜெகதீஸ்வரன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அம்மா சுப்பையனுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் எங்கே போனாலும் தோட்டத்தை விட்டு நகரமாட்டார் அவர்.

4

முடிவு அ: அவன் போகிறான். வசந்தாமணி ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிறார்.

முடிவு ஆ: அவள் வருகிறாள். சுப்பையன் உலை வைக்கிறார்.

முடிவு இ: யாரும் எங்கும் போகவில்லை, எல்லோரும்...

(எழுத மனம் வரவில்லை.)

அவனுக்கு ஒரு தம்பியைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு அது ஒரு வரி வேலை. எழுதிக்கூடப் பார்த்தேன்: 'தம்பி கதிர் அம்மாவோடு இருப்பதால் ஜெகதீஸ்வரன் ராசிபுரம் கிளம்பினான்.' அதை வசந்தாமணியிடம் படித்தும் காட்டினேன். கதாசிரியர் செய்யக்கூடாத காரியம்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"அவனுக்கு என்ன வயசு வெச்சிருக்கீங்க?"

"முப்பத்தேழுங்க."

"ஆமாங்க, அந்த வயசுதான் இருக்கும். ரெண்டாவதா ஒண்ணு தங்குச்சுங்க. காட்ட நெனச்சுக் கலச்சுப்போட்டோம்." தாளைத் திருப்பிக் கொடுத்து, "அவன் எப்படி இருக்கறானுங்க? அவங்கப்பாவாட்டமா?" என்றார்.

கதிருக்கு நான் முகம் எழுதியிருக்கவில்லை. அந்த வரியை அடிக்கவும் கை வரவில்லை. கிணற்று மேட்டில் பிரவீனா பதிலுக்கு நிற்கிறாள். அவளுக்கு எதையாவது நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள், அவன் எப்படி இருக்கிறான்?