பூட்டு நாளில் வந்த அனுமதி

எங்கள் தானியக் கணிப்பு அலுவலகத்தை வாஷிங்டனிலிருந்து நெப்ராஸ்காவுக்கு மாற்றப்போகிறார்கள் என்ற செய்தியை எங்களுக்குச் சொன்னவர் இயக்குநர் ஹாலிஸ் பிராண்ட். முடிவெடுத்தது மேலே இருந்த அரசியல்வாதிகள். ஆனால் எங்கள் முன்னால் நின்று வாயைத் திறந்தது அவர்தான். விவசாயிகளுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலை சிறக்கும் என்றார். நான் எழுந்து, இத்தனை வருடம் சோளக் கணக்குப் பார்த்தவன் நான், ஒரு சோளமும் என்னிடம் நேரில் வந்து கணக்குச் சொன்னதில்லை, தொலைபேசியில் விவசாயிதான் சொன்னான், நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸும் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

போகச் சம்மதிப்பவர்களுக்கு வேலை இருக்கும், மறுப்பவர்களுக்கு இருக்காது. விஷயம் அவ்வளவுதான். எனக்கு வயதாகியிருந்ததால் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். பக்கத்து மேசை லவோன் மீக்ஸுக்கு அந்த வயது வரவில்லை. அவளால் நெப்ராஸ்காவுக்குப் போகவும் முடியாது.

அவள் மகன் கோரிக்குப் பேச்சு வராது, கைகால் சொன்னபடி கேட்காது. இருபது வயதைத் தாண்டியவன். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தின் உதவியில் நடக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தான். அந்த இடத்துக்காக லவோன் வருடக்கணக்கில் காத்துக் கிடந்தாள். மாநிலம் மாறினால் அந்த உதவி கூடவே வராது. புது ஊரில் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் கோரி ராத்திரிச் சாப்பாட்டை அவள் கையில்தான் வாங்குவான். வேறு யார் ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் அலுவலகம் விட்டதும் அவள் நேரே அங்கேதான் ஓடுவாள்.

வாஷிங்டனில் ஒரு சிறு கிளையை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்தது. லவோன் அதில் இடம் கேட்டு எழுதிக்கொடுத்தாள். முடிவு ஹாலிஸ் கையில். அவர் ஒரு காலத்தில் எங்கள் வரிசையிலேயே கோதுமைக் கணக்குப் பார்த்தவர். லவோன் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்துகொண்டுவரும் 'பை' என்ற இனிப்புப் பண்டத்தில் முதல் துண்டு எப்போதும் அவருக்குத்தான்.

"ஹாலிஸ் செஞ்சிடுவாரு. என்ன இருந்தாலும் நம்ம ஆளு" என்றாள் லவோன்.

"நம்ம ஆளு மேல போறப்ப லிஃப்ட்டு வேல செய்யும். கீழ வர்றப்பதான் ரிப்பேராயிடும்" என்றேன்.

"உன் வாயில நல்லதே வராதா வெண்டல்? போய் உன் சோளத்தப் பாரு."

விளைச்சல் அறிக்கை வெளியாகும் நாளை நாங்கள் பூட்டு நாள் என்போம். விளைச்சல் எண் நேரத்துக்கு முன் கசிந்தால் சிகாகோ தானியச் சந்தையில் யாரோ ஒருவன் கோடீஸ்வரன் ஆகிவிடுவான், ஆயிரம் விவசாயிகள் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் காலையில் உள்ளே போகும்போதே கைபேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும். ஜன்னல் திரைகளுக்கு முத்திரை வைப்பார்கள், கணினிகளை வெளித்தொடர்பிலிருந்து துண்டிப்பார்கள், வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்பார். நண்பகலில் அறிக்கை வெளியானதும்தான் கதவு திறக்கும். இயக்குநரும் அன்றைக்கு எங்களோடு உள்ளேதான். அதற்கு முன் கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. உள்ளே வெளி விஷயம் எதையும் பேசக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். சட்டத்தில் இல்லை, ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தோம். பூட்டு நாளில் உள்ளே போகுமுன் யாரும் அலுவலக அஞ்சலைப் பார்ப்பதுகூட இல்லை. மனம் வேறெங்காவது போனால் எண் தப்பும் என்று பயம்.

அந்த அக்டோபர் பூட்டு நாளில்தான் லவோனுக்கு அனுமதி வந்தது. வாஷிங்டனிலேயே இருக்கலாம், அன்று நண்பகலுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும். இடமாற்ற வேலைக்கென்று புதிதாக எடுத்த ஆட்கள் காலையில் அதை அனுப்பிவிட்டார்கள். பூட்டு நாள் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. லவோன் உள்ளே சோயா எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலிஸ் எங்கள் மேசைப் பக்கம் இரண்டு மூன்று தடவை வந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், போனார். லவோன் அந்தக் கிழங்கு இனிப்பில் ஒரு துண்டை நீட்டினாள், வேண்டாம் என்றார். அறிக்கையைப் பற்றிய கவலை என்று நினைத்தோம்.

கதவு திறந்து கைபேசி கைக்கு வந்ததும் லவோன் அந்த அஞ்சலைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே சம்மதம் என்று பதில் போட்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று மறுமொழி வந்தது. ஓடிப்போய் ஹாலிஸிடம் காட்டினாள். பேசிப் பார்க்கிறேன் என்றார், நாங்களும் நம்பினோம். ஒரு வாரம் கழித்து, மறுத்ததாகப் பதிவாகிவிட்டது, மாற்ற வழியில்லை என்று எழுதினார்கள். ஹாலிஸும் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் அன்றைக்கு அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த வசந்தத்தில் நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிஸை விசாரணைக்குக் கூப்பிட்டது. ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல் போய்விட்டார்கள், அறிக்கைகள் தாமதமாக வந்தன, யார் பொறுப்பு என்று கேட்டார்கள். லவோனும் நானும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். போனவர்கள் எல்லோரும் தங்கள் விருப்பத்தின்படிதான் போனார்கள் என்று ஹாலிஸ் அழகாகச் சொன்னார். இடைவேளையில் நடைகூடத்தில் எங்களைப் பார்த்துவிட்டு, அவராகவே வந்து கோரி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார்.

"அவன விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் லவோன். "அன்னைக்கு எங்களோட உள்ள இருந்தப்ப உங்களுக்குத் தெரியுமா?"

ஹாலிஸ் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை.

"தெரியும்" என்றார். "முந்தின நாள் நான்தான் கையெழுத்துப் போட்டேன். தேதியக் கவனிக்கல. உள்ள வந்தப்புறம்தான் உறைச்சுது. ஒரு ஆளுக்காகப் பூட்டத் திறந்தாருன்னு ஆயிருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க, லவோன்."

லவோன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"திறந்திருக்கக் கூடாதுதான்" என்றாள். "உங்க எடத்துல நான் இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். ஆனா அப்புறம் கதவு திறந்துதானே கெடந்துச்சு? தேதியப் பாக்காதது என் தப்புன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இப்பச் சொல்லுங்க. நீங்க சொன்னா என் வேல திரும்பக் கெடைக்கும்னு ஊழியர் சங்கத்துல சொல்றாங்க. அந்த மைக்குல சொல்லுங்க, அவ மறுக்கலன்னு. வேற எதுவும் சொல்ல வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

மறுபடி உட்கார்ந்ததும் குழுவில் இருந்த ஒரு பெண் உறுப்பினர் நேராகவே கேட்டார். இருக்க விரும்பியும் வெளியே தள்ளப்பட்டவர் ஒருவராவது உண்டா? ஹாலிஸ் தண்ணீர் குடித்தார். பின்னால் திரும்பி லவோனை ஒரு கணம் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல, மேடம்" என்றார்.

லவோன் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன். கோரியின் சாப்பாட்டு நேரத்துக்குள் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டாள். வேலை போனபின் அவளுக்குக் கிடைத்தது ஒரு சரக்குக் கிடங்கில் சாயங்கால முறை வேலைதான். வாரத்தில் ஒரு நாள்தான் மகனுக்கு ஊட்ட முடிந்தது. அன்றைக்கு அந்த நாள். வழி முழுக்க அவள் ஹாலிஸின் பெயரை எடுக்கவில்லை. நான்தான் காரை ஓட்டிக்கொண்டே பொரிந்து தள்ளினேன்.

இல்லத்தில் கோரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். லவோன் கையைக் கழுவிவிட்டு வந்து, உருளைக்கிழங்கு மசியலை ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினான். மறுபடி நீட்டினாள். அவன் அறையின் மறுபக்கம் நின்ற பணிப்பெண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அந்தப் பெண் சங்கடத்தோடு எங்களைப் பார்த்தாள். லவோன் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். கோரி வாயைத் திறந்தான்.

"பழகிட்டான் வெண்டல்" என்றாள் லவோன். "நல்லதுதானே?"

நான் ஆமாம் என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.