கவிதைக்குக் கொடுத்த வைத்தியம்

புதன்கிழமைகளில் கடைசி நோயாளி எழுந்து போனதும் கவிஞர் வருவார். நோயாளி நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்து, புதிதாக எழுதியதை வாசிப்பார். மனநல மருத்துவர் ஒரு வெளிநோயாளிச் சீட்டை உருவி, கவிதைக்கு வைத்தியம் எழுதுவார். ‘மூன்றாம் வரியில் வீக்கம். இரண்டு சொல் குறைக்கவும்.’ ‘தன்னை நதி என்று நம்புகிறார். நம்பட்டும்.’ பதினோரு வருடமாக நடந்துவந்த கூத்து இது. நாடே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பெண்ணை இப்படிக் கிழித்துத் தொங்கவிட வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

செய்த தவறு, சீட்டுகளைக் கிழித்துப் போடாததுதான். நர்ஸ் மகா கறார். சீட்டென்றால் எண் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவார்.

நாட்டின் தலைவரைப் பற்றிய கவிதை வெளியான மூன்றாம் நாள் கவிஞரைப் பிடித்துப்போனார்கள். அலமாரியையும் காலி செய்தார்கள். அடுத்த வாரம் கவிஞரின் தம்பி ஒரு படிவத்தோடு வந்து மருத்துவர் முன்னால் நின்றார்.

“நானூறு சீட்டுக்கு மேல இருக்கு, எல்லாம் உங்க கையெழுத்து. புத்தி சரியில்லாம எழுதிட்டாங்கன்னு ஒரு வரி போடுங்க டாக்டர். அக்காவை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இல்லேன்னா மூணு வருஷம்.”

மருத்துவர் மறுக்கவில்லை. கவிஞரின் நெஞ்சுச்சளி எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் காலையில் படிவத்தை எடுத்துக்கொண்டு, விசாரணைக்கு முன் சிறையில் தோழியைப் பார்க்கப் போனார்.

“இளைச்சுட்டேடி.”

“இங்க உப்பைக்கூட தணிக்கை பண்ணித்தான் போடறாங்க.” கவிஞர் படிவத்தை வாங்கிப் படித்தார். “சித்தப்பிரமையா? சொல் நல்லாத்தான் இருக்கு.”

“விளையாடாதே. உன் நெஞ்சு மூணு வருஷம் தாங்காது.”

“தாங்காதுதான். ஆனா எனக்குப் பைத்தியம்னா, அந்தக் கவிதையைப் படிச்சு ‘ஆமா, ஆமா’ன்னு தலையாட்டினவங்க எல்லாம் யாரு?” இருமல் நிற்கும்வரை காத்திருந்து தொடர்ந்தார். “நீ கையெழுத்துப் போடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அப்புறம் உன் ரூமுக்கு வர மாட்டேன். அந்த நாற்காலியில உட்கார்ந்தா நிஜமாவே உன் பேஷண்ட் ஆயிடுவேன்.”

மருத்துவர் பேனாவைத் திறந்தார். மூடினார். படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் திணித்தார்.

நீதிமன்றத்தில் நீதிபதி ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். “நதின்னு நம்பறாங்களாமே. இதை எழுதினது நீங்கதானா?”

“நான்தாங்க. ஆனா அது அவங்களுக்கு எழுதினதில்லை, கவிதைக்கு எழுதினது.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள்.

“அலமாரிக்குப் போகாத சீட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. வழக்குல இருக்கற கவிதைக்கு எழுதினது. படிக்கறேன்.” மருத்துவர் கைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். “‘பயந்து எழுதியது. ஐந்தாம் வரியில் பெயரைச் சொல்லவும்.’ முதல்ல வெறும் ‘அவர்’னுதான் இருந்துச்சு. தலைவர் பேரைப் போடச் சொன்னது நான். நாலு வாரம் என்கூட சண்டை போட்டு, நல்லா யோசிச்சுத்தான் போட்டாங்க. என் முப்பது வருஷ வேலையில இவ்வளவு தெளிவான புத்தியை நான் அதிகம் பார்த்ததில்லை.”

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். கூண்டுக்குள்ளிருந்து கவிஞரின் குரல் வந்தது. “பதினோரு வருஷத்துல இப்பத்தான் வாயைத் திறந்து பாராட்டறா.”

“அவங்க உள்ள போகணும். உங்க மேலயும் வழக்கு வரும்,” என்றார் நீதிபதி. “தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க டாக்டர். பாதி விட்டுப்போச்சு.”

மருத்துவர் கதவு திறந்திருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தாழ்வாரத்தில் நின்ற கூட்டத்துக்கும் கேட்கும்படி, ‘ஐந்தாம் வரியில்’ என்ற இடத்திலிருந்து, இந்தத் தடவை தலைவரின் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாக மறுபடி சொன்னார்.