சுஜா சொன்ன முதல் ‘முடியாது’

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். அப்படிப்பட்டவள் கோபத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்றால் தாராவியில் பாதிப் பேர் நம்புவதில்லை. சயானில் ஒரு ஆலோசனை மையத்தில் புது ஆலோசகர்களுக்கு டி.பி.டி. பயிற்சி கொடுக்கும் செண்பகவல்லி நான்தான். மனம் கொதித்தால் என்ன செய்வது, வேண்டியதை எப்படிக் கேட்பது, வேண்டாததை எப்படி மறுப்பது என்று படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை அது.

எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு. மறுக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் தன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மறுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் என்னிடம் பயிலும் சுஜா திங்கட்கிழமை தாராவிப் பெண்களின் குழுவை நடத்தலாம். ஒரு வருஷமாக அதற்குத்தான் காத்திருக்கிறாள். சனிக்கிழமை மதியம்வரை படிவம் காலி. அன்றைக்குக் காலையில் நடந்த ஒன்றைச் சுஜா சொல்லிப் பார்த்தாள்.

“கல்யாண் ஸ்டேஷன்ல ரயில் ஏறினதும் சீட் கிடைச்சுதுக்கா. ஒருத்தி வந்து எந்திரின்னா. முடியாதுன்னு சொல்லிட்டேன்.”

“பொறவு?”

“அவ கேக்கல. சயான் வரைக்கும் நின்னுட்டே வந்தேன்.”

கூடப் பயிலும் மாரிசெல்வம் சிரிப்பை மறைக்க டீ கிளாசுக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். இதெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டேன். அந்த எரிச்சலிலேயே போன் வந்தது. மறுநாள் செம்பூர் வகுப்புக்கு என்னுடன் வரவேண்டிய ஜாக்குலினுக்குக் காய்ச்சல்.

“ஏ சுஜா, நாளைக்கு நீ செம்பூர் வந்துரு.”

சுஜா தண்ணீர் பாட்டிலை மெதுவாக மூடினாள். “அக்கா, போன மூணு ஞாயித்துக்கிழமையும் நாந்தான் வந்தேன். ரொம்ப அலுப்பா இருக்கு. நாளைக்கு வர முடியாது. சர்ச்சுக்குப் போயிட்டு வீட்ல தூங்குனாத்தான் திங்கக்கிழமை அந்தப் பொண்ணுகளுக்கு முன்னால தெம்பா உக்காருவேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது யார் என்றேன். ஒரு நாள்தானே என்றேன். படிவம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே பதில்.

“புரியுதுக்கா. நாளைக்கு வர முடியாது.”

பேச்சை எந்தப் பக்கம் இழுத்தாலும் சொன்னதையே திரும்பச் சொல் என்று போன வாரம் போர்டில் எழுதிப் போட்டவள் நான்தான்.

எழுந்து போய் வாஷ்பேசினில் குனிந்து முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அடித்துக்கொண்டேன். அதுவும் பாடத்தில் இருப்பதுதான். மூன்றாவது தடவை அடித்ததும் கொதிப்பு இறங்கி வெட்கம் வந்தது. ரயிலில் அவள் சீட்டை யாரோ ஒருத்தி பிடுங்கினாள். அவள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கியது நான்.

திரும்பி வந்து படிவத்தை எடுத்தேன். ‘யாரிடம் மறுத்தார்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். ‘அவர் எப்படி எடுத்துக்கொண்டார்’ என்ற இடத்தில் ‘பொறுமையாக’ என்று எழுத ஆரம்பித்தபோது சுஜா எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உள்ளதை எழுதுங்க.”

அதை அடித்துவிட்டு எழுதினேன்: மூன்று தடவை மிரட்டினார், பிறகு முகம் கழுவினார். கீழே கையெழுத்தும் போட்டேன்.