ஃபேனுக்கு நேர் கீழே

யாரோ புதுசுக்கு மாற்றிக்கொள்ளக் கொடுத்த பழைய சோபா ஒன்றை இரண்டு பேர் பின்கதவு வழியாகத் தூக்கிவந்து கிடங்கில் போட்டபோது, அவன் தரையில் உட்கார்ந்து செல்போனில் கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் போட்ட பதிவுக்கு மூன்று லைக் விழுந்திருந்தது. ஒன்று முதலாளி. ஒன்று முதலாளியின் மனைவி. மூன்றாவது அவனேதான். சோபாக் கடைக்கு ஆன்லைனில் ஆள் சேர்க்கிற வேலைக்கு வந்து மூன்று வாரமாகியிருந்தது. தள்ளுபடி என்று போட்டான், புது வரவு என்று போட்டான், முதுகுவலிக்கு நல்லது என்றுகூடப் போட்டுப் பார்த்தான். தெருமுனையில் நோட்டீஸ் கொடுப்பவனைக் கண்டால் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு போவார்களே, அப்படிப் போய்க்கொண்டிருந்தது ஊர்.

முதலாளி அதட்டுகிற ஆள் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருந்தார். விளம்பரம் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நீ ஜனங்களைப் பேச வைத்தால் போதும் என்றும் சொன்னார். பேச வைத்து என்ன ஆகும் என்று இவன் கேட்டதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

"பேசுனா நிப்பாங்க. நின்னா உக்காருவாங்க. உக்காந்தா வாங்குவாங்க. சோபா வியாபாரம் அவ்ளோதான் தம்பி."

தூக்கி வந்தவர்கள் போன பிறகு அந்தப் பழைய சோபாவைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேர் உட்காருகிற சோபா. நடுவும் வலது பக்கமும் கடையிலிருந்து அன்றுதான் போனது போல விறைப்பாக இருந்தன. இடது மூலை மட்டும் குழிந்து, துணி வெளுத்து, கை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை ஏறிக் கறுத்துக் கிடந்தது. ஒரே ஆள் பல வருடமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்குச் சோபாவில் சாட்சியே இல்லை. அழகுபடுத்தாமல் அப்படியே ஒரு படம் எடுத்தான். விலை போடவில்லை, கடை நேரம் போடவில்லை. ‘உங்க வீட்டுல இந்த மூலை யாருக்கு?’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது ஊர் உள்ளே புகுந்திருந்தது. ‘எங்கப்பாவுக்கு. ரிமோட்டும் அவருக்கே’ என்று ஒருத்தன். ‘எங்க மாமியாருக்கு. அவங்க ஊருக்குப் போனாலும் யாரும் உக்கார மாட்டோம், சூடு இருக்கும்’ என்று ஒருத்தி. அண்ணனும் தம்பியும் ஒரே பதிவுக்குக் கீழே வந்து, சின்ன வயதில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்று அடித்துக்கொண்டார்கள். நாய்க்கு என்று எழுதியவர்களே ஒரு பெருங்கூட்டம். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாகப் படித்துப் படித்துச் சிரித்தார். தன் வீட்டு மூலையில் யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அவனுக்கு நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது. இன்னொன்று இருந்தது.

அவன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா, மாமா, பின்பக்க அறையில் இவன். நான்கு வருடம் ராத்திரி வேலை பார்த்தவன். வேறு ஒரு தேசத்துக்காரர்கள் பகலில் கோபப்படுவதை இங்கே ராத்திரியில் போனில் கேட்டு, இரவல் பெயரில் மன்னிப்புக் கேட்கிற வேலை. ஒருநாள் காலை பஸ்ஸில் எவனோ இவன் காலை மிதித்தான். மிதித்தவனிடம் இவன் மன்னிப்புக் கேட்டான், அதே இரவல் குரலில். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போய், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டில், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அந்த வேலை மாமாவின் சிபாரிசு. அந்த ஆபீசில் பெரிய பதவியில் இருந்த தன் கூட்டாளி ஒருவரின் வாசலில் பல நாள் நின்று, பல்லைக் காட்டி, மாமா வாங்கிக்கொடுத்தது. அதை விட்டுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. ஷிஃப்டைப் பகலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னான். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். இனியாவது மனுஷ நேரத்தில் தூங்குவான் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவைத்தாள். அவள் சந்தோஷப்படச் சந்தோஷப்பட, பொய்க்குக் கால் முளைத்து நடக்க ஆரம்பித்தது.

மறுநாள் மதியம் அவன் கடையின் பெயரில் வரிசையாகப் பதில் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா மூலைக்காரர்களுக்கு ஒரு பதில், நாய்க்காரர்களுக்கு ஒரு பதில். நடுவில் அக்கா வந்து நின்றாள். செம்பருத்திப் பூப் படம் போட்ட அவள் கணக்கு. அவர்கள் குடியிருப்புப் பெண்களில் யாரோ அந்தப் பதிவை அவளுக்கு அனுப்பிவிட்டிருக்க வேண்டும். ‘எங்கள் வீட்டில் யாருக்கும் தனி இடம் கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காருவோம்’ என்று பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி எழுதியிருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கடைக்குப் பின்னால் இருப்பது தான் என்று இவளுக்குத் தெரியாது, தம்பியாகவே வந்து ஒரு குட்டு வைத்தால் என்ன என்று தோன்றியது. கை தானாக எழுதியது.

‘பொய் சொல்லாதக்கா. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற மூலை மாமாவுக்கு. நடுவுல மடிக்காத துணி. நீ எப்பவும் கைப்பிடி மேலதான், அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தவ மாதிரி.’

அனுப்பிவிட்டு அடுத்த நாய்க்காரருக்குப் போனான். தன் கணக்குக்கு மாறிக்கொண்டு எழுத வேண்டும் என்பதை மறந்துபோனான். அக்காவுக்கு அந்தப் பதிலை எழுதியது தம்பி இல்லை. சோபாக் கடை எழுதியது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த ஊர் வாய் இப்போது எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியைக் கடை ‘நீ’ என்று பேசுகிறது. அவள் வீட்டுக்காரரை ‘மாமா’ என்கிறது. அவள் வீட்டில் ஃபேன் எங்கே தொங்குகிறது என்பதுவரை தெரிந்துவைத்திருக்கிறது. முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவர், சிரிக்கிற விஷயமா இது, இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்குக் கீழே இன்னொருவர் ஒரே ஒரு வார்த்தை போட்டார். ‘கேமரா?’

அவ்வளவுதான். அவன் பார்ப்பதற்குள் காட்டுத்தீ. அந்தப் பதிலை அழித்தான். அழித்ததைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள், பாருங்கள் அழிக்கிறார்கள் என்று அதையும் போட்டார்கள். நான்கு வருடம் மனப்பாடமாகியிருந்ததை எழுதினான். தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறோம். அதைப் படித்ததும், அப்படியானால் ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஆகிவிட்டது. போன வாரம் சோபா வாங்கிப் போன ஒருவர் கடைக்கே போன் செய்தார். ஹாலில் மனைவி உட்காரப் பயப்படுகிறாள், இப்போதே வந்து தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். இன்னொருவர் கத்தியால் கிழித்துப் பார்க்கப் போவதாகவும், உள்ளே ஒன்றுமில்லை என்றால் தையல் செலவு கடையுடையது என்றும் சொன்னார். அக்கா கடையில் சோபாவே வாங்கியதில்லை. அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

முதலாளி கத்தவில்லை. காட்சிக்கு வைத்திருந்த சோபா ஒன்றைக் கவிழ்த்து, கத்தரிக்கோலால் அடித்துணியை நறுக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை, ஸ்பிரிங், கொஞ்சம் பஞ்சு. இருக்காது என்று தெரிந்தும் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கேமரா இல்லன்னு எனக்குத் தெரியும். அந்தம்மா வீட்டு சங்கதி உனக்கு எப்படித் தெரியும்? அதை மட்டும் சொல்லு."

சொன்னான். முழுவதையும் சொன்னான், பஸ்ஸில் காலை மிதித்தது உட்பட. அவர் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இதையே அங்க எழுது."

"எங்க மாமா பாப்பாரு சார்."

"உங்க மாமா ஒருத்தர் பாப்பாரு. என் கடையை ஊரே பாக்குது."

கிடங்கில் அந்தப் பழைய சோபாவின் குழிந்த மூலையிலேயே போய் உட்கார்ந்தான். இரண்டு பொய் சொல்லிப் பார்த்தான், மனசுக்குள். கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்பது ஒன்று. சும்மா ஊகித்து எழுதியது என்பது இன்னொன்று. இரண்டுமே நாளைக்கே நாறும். மாமாவின் முகம் வந்தது. கூட்டாளியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஒரு படி உயரமாகிற முகம். அந்தப் பெரிய இடத்தில் எனக்கு ஆள் இருக்கிறது என்று மாமாவுக்குச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் இவன் பஸ்ஸிலிருந்து இறங்கி உடைத்துவிட்டு வந்திருந்தான். எழுத ஆரம்பித்தான்.

‘இந்தப் பக்கத்தில் எழுதுகிறவன் நான். அவர் என் சொந்த அக்கா. ஒரே வீட்டில் இருக்கிறோம். எந்தச் சோபாவிலும் கேமரா இல்லை. என் கணக்கில் எழுதுவதாக நினைத்துக் கடையின் பெயரில் எழுதிவிட்டேன். நான் இங்கே வேலை பார்ப்பது அக்காவுக்குத் தெரியாது. மாமா வாங்கிக்கொடுத்த ராத்திரி வேலையை இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போதுதான் சொல்கிறேன்.’

மன்னிப்பு என்ற சொல்லைப் போடவில்லை. போடப் போன விரலை இழுத்துக்கொண்டான்.

முதலில் ஒரு ஆள் சிரித்தான். அப்புறம் எல்லாரும். அடப்பாவி என்றார்கள், அக்காவிடம் உதை வாங்கப் போகிறாய் என்றார்கள், நானும்தான் வேலையை விட்டு ஆறு மாதமாக டிபன் பாக்ஸோடு பார்க்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதினார். அவருக்கு ஆறுதல் சொல்லவே ஒரு கூட்டம் கூடியது. சோபாவைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னவர் போன் செய்து, மனைவி உட்கார்ந்துவிட்டாள், வேண்டாம் என்றார். அந்த இரைச்சலுக்கு நடுவே, பத்து வருடத்துக்கு முந்தைய பாஸ்போர்ட் படத்தோடு, மாமா வந்தார். மூன்றே வார்த்தை.

‘சீக்கிரம் வீட்டுக்கு வா.’

இது கோபமா, பாசமா என்று ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார், அடி நிச்சயம் என்றது ஒரு கட்சி. ‘சீக்கிரம்’ என்று பாசக்காரர்கள்தான் சொல்வார்கள் என்றது இன்னொன்று. அவன் கடையை விட்டு இறங்கி பஸ் ஏறிய பிறகும் அவர்கள் முடித்தபாடில்லை.

வீட்டில் மாமா ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். இவன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான். அக்கா சமையலறைப் பக்கம் தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தத் தேதி விட்ட?" என்றார் மாமா.

சொன்னான்.

"சரியா சொல்லு. அந்த வாரமா, அடுத்த வாரமா?"

மறுபடி சொன்னான். மாமா விரலை மடக்கி என்னவோ ஒத்துப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. அடி விழப்போகிறது என்றே நினைத்தான்.

"அப்ப அவனுக்குத் தெரியும்."

"யாருக்கு மாமா?"

"அவன்தான். என் கூட்டாளி. நீ விட்டது அவனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லாம போன சனிக்கிழமை என்னைக் கூப்ட்டு, மூணு மாடி பீரோ தூக்க வெச்சான். அதுக்கு முந்தின வாரம் அவன் காரைக் கழுவக் குடுத்துட்டு நான் நாள் முழுக்க ஒர்க்‌ஷாப்புல காவல். நாலு வருஷம் மாப்ள. உனக்கு வேலை போட்டுக் குடுத்தான்னு, அவன் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடினேன். லீவு நாள்ல போன் அடிச்சாலே சட்டையை மாட்டிக்கிட்டு நிப்பேன்."

மாமாவுக்கு அவ்வளவு பெருமை என்று அல்லவா நினைத்திருந்தேன் என்றான். பெருமை என்று வெளியே சொல்லாமல் பின்னே சுமைகூலி என்றா சொல்வார்கள் என்று கேட்டார் மாமா. பிறகு அந்தக் கூட்டாளியைப் பற்றி எழுத்தில் கொண்டுவர முடியாத இரண்டு சொல் சொன்னார். சொல்லி முடித்ததும் அவரிடமிருந்து ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது. காற்றுப் பிடுங்கின டயர் மாதிரி ஆள் அப்படியே பின்னால் சாய்ந்தார்.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா அந்த பீரோவை அவனே தூக்கியிருப்பான்ல. இந்தச் சனிக்கிழமை நான் தூங்கப் போறேன். எவன் கூப்ட்டாலும் செத்துட்டேன்னு சொல்லு."

அவன் சிரித்தான். இத்தனை நாள் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போவது போல இருந்தது. கால் வலிப்பது அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அக்கா இன்னும் போனையே தள்ளிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் உண்மையில் பயப்பட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஊரெல்லாம் அவளைக் கைப்பிடி மேல் உட்காருகிறவளாகப் பார்த்துவிட்டது. அதற்கு மாமாவும் ஒன்றும் செய்ய முடியாது, முதலாளியும் ஒன்றும் செய்ய முடியாது.

"அக்கா, நீ பொய் சொல்றேன்னு நெனச்சு விளையாட்டா..."

"நான் பொய் சொல்லலடா," என்றாள் அக்கா. "நான் அங்க உக்கார்றேன்னு எனக்கே தெரியாது."

மாமா தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சோபாவின் கைப்பிடியைப் பார்த்தார். நடுவில் கிடந்த துணியை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். மடிக்கத் தெரியவில்லை. சட்டையின் கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அக்காவின் போன் அடங்கவே இல்லை. நானும் கைப்பிடி மேல்தான் என்று யார் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டே டிவி பார்ப்பேன் என்று ஒருத்தி. எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்து என் பிள்ளைகள் பார்த்ததில்லையாம் என்று ஒருத்தி. அக்கா சுவரில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு காலையும் ஹாலின் பாதி தூரத்துக்கு நீட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதும் அழிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தாள். நடுவில் ஒருமுறை அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன எழுதுற?" என்று மாமா கையில் பாதி மடித்த சட்டையோடு எட்டிப் பார்த்தார்.

அக்கா நிமிராமலேயே போனைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.